வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை: டிக்கெட்டை ரத்து செய்வதா, தள்ளிப்போடுவதா, இன்ஷூரன்ஸை நம்புவதா?

சிங்கப்பூர் டிக்கெட் கையில் இருக்கிறது. புறப்பட இருபது நாள். ஊரிலிருந்து போன்: அப்பாவை ஐசியுவில் சேர்த்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, ஆப்பைத் திறந்து ‘கேன்சல்’ பொத்தானை அழுத்துவது. பத்து நாள் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, ‘இன்ஷூரன்ஸ் எடுத்தோமே’ என்று பாலிசியைத் தேடுவார்கள். வரிசையே தலைகீழ். தேதியை மாற்றிய டிக்கெட்டைப் பிறகு ரத்து செய்யலாம். ரத்து செய்ததை உயிர்ப்பிக்க முடியாது. பாலிசியோ, சம்பவம் நடந்த உடனே தகவல் சொல்லச் சொல்கிறது.

இந்தக் கட்டுரை வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகும் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பத்தை மனதில் வைத்தது. நம் வீடுகளில் பயணத்தை நிறுத்துபவர் பெரும்பாலும் பயணம் போகிறவர் இல்லை. எழுபதைத் தாண்டிய, சுகரும் பிபியும் உள்ள, வீட்டிலேயே இருக்கும் அப்பாவோ மாமியாரோதான். டிராவல் பாலிசிகளின் சிறிய எழுத்து வெளியே தள்ளுவதும் அவரைத்தான். எந்த வழி லாபம் என்ற கேள்விக்குப் பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நான்கு டிக்கெட் தலைக்கு 28,000 வீதம் 1,12,000 ரூபாய். இரண்டு ஓட்டல்கள்: ஒன்று 30,000, கடைசி மூன்று நாள் வரை இலவசமாக ரத்து செய்யலாம், இன்னொன்று 22,000, பணம் திரும்பாத வகை. விசா 12,000. பூங்கா, கேபிள் கார் டிக்கெட்டுகள் 14,000. மொத்தம் 1,90,000.

எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அப்படியே ரத்து செய்தால்: விமானத்துக்குத் தலைக்கு 6,500 பிடித்தம் என்றால் 26,000. இரண்டாவது ஓட்டல் 22,000, விசா 12,000, பூங்கா 14,000. போனது 74,000.

தேதியை மட்டும் மாற்றினால்: மாற்றக் கட்டணம் 5,000, கட்டண வித்தியாசம் 4,000 என்று வைத்தால் நான்கு பேருக்கு 36,000. ஓட்டலுக்கு மெயில் போட்டுக் கேட்டால், பணம் திரும்பாத அறையைக்கூட ஒருமுறை தள்ளித் தர வாய்ப்புண்டு. விசா, செல்லுபடிக் காலத்துக்குள் போனால் வீணாகாது. பூங்கா டிக்கெட்டுகளில் பல, வாங்கிய நாளிலிருந்து சில மாதங்கள் செல்லும். செலவு 36,000, ஆனால் பயணம் இன்னும் கையில் இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால்: பிரீமியம் 6,000. ரத்துக்கான டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை, தலைக்கு 4,000. விசா கட்டணத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. 74,000-ல் 12,000 கழித்தால் 62,000. அதில் 16,000 டிடக்டிபிள் போக, கைக்கு வருவது 46,000. இழப்பு 28,000, பிரீமியத்தோடு சேர்த்து 34,000. க்ளெய்ம் ஏற்கப்பட்டால் இது. நிராகரிக்கப்பட்டால் 80,000.

தொடக்கத்திலேயே தளர்வான வகை டிக்கெட்டும் ஓட்டலும் எடுத்திருந்தால்: டிக்கெட்டுக்குத் தலைக்கு 3,000 கூடுதல், ஓட்டலுக்கு மொத்தம் 3,000 கூடுதல், ஆக 15,000. பூங்கா டிக்கெட்டுகளைப் புறப்படும் வாரத்தில் வாங்குவதாக விட்டுவைத்திருந்தால் அங்கே இழப்பில்லை. ரத்து செய்தால் போவது அந்த 15,000-மும் விசா 12,000-மும், மொத்தம் 27,000. பயணம் நல்லபடியாக நடந்தாலும் 15,000 போனது போனதுதான்.

34,000-க்கும் 27,000-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. தளர்வான டிக்கெட் ‘ஏன்?’ என்று கேட்காது. இன்ஷூரன்ஸ் ஒவ்வொரு தாளையும் புரட்டிக் கேட்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ‘ஃப்ளெக்ஸி’ என்று பெயர் வைத்ததெல்லாம் முழுப் பணம் தருவதில்லை. சிலவற்றில் தேதி மாற்றம் மட்டும் இலவசம், ரத்துக்குக் குறைந்த கட்டணம் உண்டு. விலைப்பட்டியலுக்குக் கீழே இருக்கும் ‘கட்டண விதிகள்’ பகுதியில் ‘ரத்து’, ‘மாற்றம்’, ‘வராமலிருத்தல்’ என்ற மூன்று வரிகளையும் படித்துவிட்டுத்தான் கார்டு எண்ணைத் தட்ட வேண்டும்.

முன்பதிவுத் தளங்கள் கடைசிப் பக்கத்தில் சில நூறு ரூபாய்க்கு நீட்டும் ‘ஜீரோ கேன்சலேஷன்’ வகைச் சேர்க்கைகளும் இதே குடும்பம். காரணம் கேட்காது, ஆனால் புறப்பட 24 மணி நேரம் இருப்பது போன்ற ஒரு கெடுவுக்குள் ரத்து செய்தாக வேண்டும், தலைக்கு உச்சவரம்பு உண்டு. சென்னை–டெல்லி போன்ற உள்நாட்டுப் பயணத்துக்கு, வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருந்தால், டிராவல் பாலிசியைவிட இதுவே காசுக்கு ஏற்றது.

பாலிசி யாரைக் ‘குடும்பம்’ என்கிறது?

டிராவல் பாலிசியின் வலிமை வெளிநாட்டில் நமக்கே உடம்பு முடியாமல் போகும்போது வரும் ஆஸ்பத்திரி பில். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். விசாவுக்கென்று குறைந்த விலையில் எடுக்கும் பாலிசியில் பயண ரத்துக் காப்பு இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் பெயரளவுக்கு இருக்கலாம். பலன் அட்டவணையில் ‘பயண ரத்து’ என்ற வரிக்கு எதிரே என்ன தொகை, என்ன டிடக்டிபிள் என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த வரி இருக்கிறது என்றே கொள்வோம். அடுத்து, யாருடைய நோய், யாருடைய சாவு? பாலிசி ‘நெருங்கிய குடும்ப உறுப்பினர்’ என்று ஒரு வரையறை வைத்திருக்கும். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெரும்பாலும் உண்டு. உடன்பிறந்தவர்களும் மாமனார் மாமியாரும் பாலிசிக்குப் பாலிசி மாறுவார்கள். தாத்தா பாட்டி சிலவற்றில் மட்டும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை? தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். பெரியப்பா இறந்தால் நமக்குப் பங்காளித் தீட்டு, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எங்கும் நகர முடியாது. பிள்ளையில்லாத பெரியப்பாவுக்குக் கொள்ளி வைப்பதே நாமாக இருக்கலாம். பாலிசியின் கண்ணுக்கு அவர் அந்நியர். தாய்மாமன் இல்லாமல் நம் வீட்டில் ஒரு காதுகுத்துகூட நடக்காது என்பதெல்லாம் அந்தப் பத்திரம் எழுதியவருக்குத் தெரியாது. இந்த வகைத் துக்கத்துக்குக் கைகொடுப்பது தளர்வான டிக்கெட் ஒன்றுதான்.

வரையறைக்குள் வரும் உறவாக இருந்தாலும், நோய் எவ்வளவு தீவிரம் என்பது அடுத்த சல்லடை. ‘அம்மாவுக்குக் காய்ச்சல், விட்டுப் போக மனமில்லை’ என்பது காரணம் ஆகாது. உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், உயிருக்கு ஆபத்தான நிலை என்று மருத்துவர் எழுத்தில் தந்திருக்க வேண்டும் என்றும் பாலிசிகள் கேட்கின்றன. சில பாலிசிகள் புறப்படும் தேதிக்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களுக்குள் நடந்ததை மட்டும் ஏற்கும். இரண்டு மாதம் முன்னால் அப்பா தவறிவிட்டார், வருஷ தீட்டு முடியும்வரை உல்லாசப் பயணம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்றால், அதை இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘மனம் மாறியது’ என்ற கணக்கில்தான் வைக்கும்.

மூன்றாவது சல்லடைதான் மிக நுண்மையானது: ஏற்கெனவே இருந்த நோய். பயணம் போகிறவருக்கு மட்டும்தான் இந்த விலக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பல பாலிசிகளில் யாருடைய நோயால் பயணம் நிற்கிறதோ அவருக்கும் அது பொருந்தும். மாரடைப்பில் சேர்க்கப்பட்ட அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில், பெயர், வயது, சேர்த்த தேதிக்குக் கீழே ‘வரலாறு’ என்ற தலைப்பில் ‘கே/சி/ஓ’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். ‘இன்ன நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்’ என்பதன் ஆஸ்பத்திரிச் சுருக்கம் அது. பக்கத்தில் சுகர், பிபி, எத்தனை வருடம் என்று எழுதியிருக்கும். க்ளெய்ம் பார்ப்பவர் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான்.

அந்த வருடக் கணக்கு பெரும்பாலும் அட்மிஷன் நேரத்துப் பதற்றத்தில் யாரோ சொன்னது. ‘ரொம்ப வருஷமா சுகர் இருக்கு’ என்றால் டியூட்டி டாக்டர் ‘10 வருடம்’ என்று எழுதிவிட்டுப் போவார். தப்பாக இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே, பழைய மருந்துச் சீட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். உண்மையை மறைக்க யாரிடமும் கேட்கக் கூடாது, அது பாலிசியையே செல்லாததாக்கும். ஆனால் மூன்று வருடத்தைப் பத்து வருடம் என்று எழுதியதைத் திருத்துவது நம் உரிமை. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு இழுத்தடிக்கும், திருத்திக் கொடுத்தாலும் கம்பெனி சந்தேகப்படும்.

இன்னொரு தடுமாற்றம் நேரம் சம்பந்தப்பட்டது. மருத்துவக் காப்பு விமானம் ஏறும் நாளில்தான் தொடங்கும். ரத்துக் காப்பு பாலிசி வாங்கிய நாளிலிருந்தே தொடங்கும். ஆக, டிக்கெட்டை ஜனவரியில் போட்டுவிட்டுப் பாலிசியை ஏப்ரலில் வாங்கினால் நடுவில் மூன்று மாதம் கூரை இல்லாத வீடு. ரத்துக் காப்பு வேண்டுமென்றால் முதல் பெரிய பணம் கட்டிய அன்றே வாங்கிவிட வேண்டும். ஏஞ்சியோ செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு வாங்கும் பாலிசி அந்தக் காரணத்துக்கு உதவாது. பயணம் வேறு காரணத்தால் நின்றால், காப்பு தொடங்கும் தேதிக்கு முன்பே எழுதிக் கேட்டுப் பாலிசியை ரத்து செய்து, சிறு பிடித்தம் போக மீதிப் பிரீமியத்தைத் திரும்ப வாங்கலாம். க்ளெய்ம் எதுவும் போட்டிருக்கக் கூடாது.

‘கம்பேஷனேட் விசிட்’ என்று அட்டவணையில் ஒரு வரி வரும். ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்றால் ஓடிவர டிக்கெட் தருவார்கள் என்று அதைப் படித்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது தலைகீழ்: நாம் வெளிநாட்டில் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால், ஊரிலிருந்து ஒருவர் நம்மைப் பார்க்க வருவதற்கான செலவு. நாம் ஊருக்கு ஓடுவதற்கு உதவும் வரிக்குப் பெயர் ‘பயணம் இடையில் முறிதல்’.

ரயில் பக்கமும் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. ஐஆர்சிடிசியில் 45 காசுக்கு டிக் செய்யும் இன்ஷூரன்ஸ் விபத்துக்கானது. ரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விமான நிறுவனம் கட்டாயம் தர வேண்டியது

விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு டிஜிசிஏ. அதன் விதிகளில் நமக்கு நேரடியாகப் பயன்படுபவை சில. ரத்துக் கட்டணம் எவ்வளவு போட்டாலும் அது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. வரிகள், விமான நிலையப் பயனர் கட்டணம் போன்றவற்றை, பணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், விமானத்துக்கே போகாமல் விட்டிருந்தாலும் திருப்பித் தர வேண்டும். சாவு வீட்டில் யார் ஆப்பைத் திறந்து ரத்து செய்துகொண்டிருப்பது? அப்படி விட்டுப்போன டிக்கெட்டுக்கும் இந்தத் தொகை உண்டு; கேட்டால்தான் வரும். பிஎன்ஆர் எண்ணோடு ‘வராதவருக்கான வரித் தொகை’ என்று எழுதிக் கேட்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் கட்டியதற்கு 7 நாளில் பணம் திரும்ப வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே. ‘கிரெடிட் ஷெல்’ என்று அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பது நம் விருப்பம். அவர்களாக அதில் தள்ளிவிட முடியாது. துக்கத்தில் இருக்கும்போது அந்த ஷெல்லை ஏற்றுக்கொண்டு, ஒரு வருடத்தில் பயன்படுத்தாமல் காலாவதியாக விடுகிறவர்கள் அதிகம். வருடம் திரும்பும்வரை எங்கும் போகாத வீடு என்றால் ஷெல்லே வேண்டாம், குறைந்தாலும் பணமாக வாங்கிவிடுங்கள்.

இவை இந்திய நிறுவனங்களுக்கு. வெளிநாட்டு நிறுவனம் என்றால் பணம் திருப்புவதில் அவர்களுடைய நாட்டு விதிதான். சென்னையிலிருந்து ஏறுகிறோம் என்பதால் மட்டும் டிஜிசிஏ அளவுகோல் அப்படியே பொருந்திவிடாது.

ரத்து செய்வதற்கு முன் மெயில் பெட்டியில் ஒரு தேடல் போடுவது நல்லது. டிக்கெட் எடுத்ததிலிருந்து இன்றுவரை விமான நிறுவனம் நேரத்தைப் பெரிதாக மாற்றியிருக்கிறதா? கோடை அட்டவணை, குளிர்கால அட்டவணை மாறும்போது காலை விமானம் இரவுக்குப் போவது சாதாரணம். மாற்றம் அவர்களுடையது என்றால் முழுப் பணமோ கட்டணமில்லாத தேதி மாற்றமோ கேட்கலாம். அப்பாவின் உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

அது இல்லையென்றால் இரக்கத்தின் பேரில் கேட்பதுதான் மிச்சம். இறப்புச் சான்றிதழோ ஆஸ்பத்திரிக் கடிதமோ இணைத்து, விமானம் புறப்படும் முன்பே மெயில் அனுப்பினால் கட்டணத்தைக் குறைப்பதும் தள்ளுபடி செய்வதும் உண்டு. கால் சென்டரில் பேசுகிறவருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்காது, அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. புகார் எண் வாங்கிக்கொண்டு எழுத்தில் தொடர வேண்டும். பதில் வரவில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம்.

கனடாவில் இருக்கும் நம்மவர்கள் துக்கச் சலுகைக் கட்டணத்தை நம்புவதுண்டு. அங்கே ஏர் கனடா வழக்கு ஒன்று பேசப்பட்டது. 2022-ல் பாட்டி இறந்து வான்கூவரிலிருந்து டொராண்டோ போன ஒருவரிடம், முழு விலையில் வாங்கிவிட்டு 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நிறுவனத்தின் சாட்பாட் சொன்னது. உண்மையான விதியோ, பயணம் முடிந்த பிறகு சலுகை கிடையாது என்றது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் நிறுவனத்தையே பொறுப்பாக்கி, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812.02 டாலர் தரச் சொன்னது. அவரிடம் அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. நம்மூர் கால் சென்டரோ சாட்டோ, சொன்னதைப் படம் பிடித்து வைக்கும் பழக்கம் இங்கும் உதவும்.

நால்வரில் ஒருவர் மட்டும் தங்கினால்

மகன் மட்டும் அப்பாவோடு இருந்துவிட்டு, மருமகளும் பிள்ளைகளும் போய்வரட்டும் என்று முடிவானால், முதல் வேலை பிஎன்ஆரைப் பிரிக்கச் சொல்வது. நால்வரும் ஒரே பிஎன்ஆரில் இருக்கும்போது அவசரத்தில் தொட்டால் மொத்தமும் ரத்தாகும் ஆபத்து இருக்கிறது. பிரித்த பிறகு தனி எண் கிடைக்கும். அதை மட்டும் தள்ளலாம், ரத்து செய்யலாம். போகும் விமானத்தை விட்டுவிட்டு ‘இரண்டு நாளில் போய்ச் சேர்ந்து, திரும்பும்போது ஒன்றாக வரலாம்’ என்று நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் திரும்பும் பகுதியும் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போவதாக இருந்தால் தொடக்கத்திலேயே குடும்பத்துக்கு ஒரு பிஎன்ஆர் போட்டுக்கொள்வது மேல்.

விமான டிக்கெட்டில் பொதுவாக ஆளை மாற்ற முடியாது. ரயிலில் முடியும். உறுதியான டிக்கெட்டை, வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பு, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை, கணவன் அல்லது மனைவி பெயருக்கு முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ஒருமுறை மாற்றலாம். உறவுக்குச் சான்றும் டிக்கெட் நகலும் வேண்டும். காசி போக அம்மாவுக்குப் போட்ட டிக்கெட்டில் அக்கா போவதற்கு இது வழி. உறுதியான தத்காலை ரத்து செய்தால் ஒரு பைசா வராது.

டூர் கம்பெனி மூலம் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் படிப்படியாக ஏறும். அடுத்த படி எந்தத் தேதியில் ஏறுகிறது என்று ரசீதோடு தந்த நிபந்தனைத் தாளில் பாருங்கள். ‘இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்’ என்ற தயக்கம் அந்தத் தேதியைத் தாண்டினால் ஆயிரக்கணக்கில் போகும். டூர் பணத்தோடு கம்பெனி வசூலித்த டிசிஎஸ் என்ற வருமான வரி முன்பிடித்தம், அரசுக்குக் கட்டியாகிவிட்டது என்றால் அவர்களால் திருப்பித் தர முடியாது. அது வருமான வரித் துறையில் உங்கள் பெயரில் ஏறியிருக்கும், வருமான வரிக் கணக்கில் கேட்டு வாங்கலாம். அதை இழப்பாக எழுதித் தலையில் கைவைக்க வேண்டாம்.

பாதி வழியில் செய்தி வந்தால்

சிங்கப்பூர் போய் மூன்றாம் நாள் போன் வருகிறது. ஊரில் ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள், மகன் வந்த பிறகுதான் எடுப்பார்கள். இங்கே கணக்குப் பார்க்க அதிகம் நேரமில்லை, ஆனால் மூன்று போன்கள் மட்டும் வரிசையாகப் போட வேண்டும்.

முதலில் பாலிசியின் அவசர உதவி எண். இடைமுறிவுக் காப்பு இருக்கிறதா, கூடுதல் டிக்கெட் செலவு சேருமா, ஒப்புதல் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில பாலிசிகள் பயன்படுத்தாத ஓட்டல், சுற்றுலாப் பணத்தை மட்டும் தரும். சில, ஊர் திரும்பும் எகானமி டிக்கெட்டையும் தரும். அடுத்தது விமான நிறுவனம்: கையில் இருக்கும் திரும்பும் டிக்கெட்டை இன்றைக்கு மாற்ற என்ன செலவு? புதிதாக ஒருவழி டிக்கெட் எவ்வளவு? குறைந்த தூரத்தில் வேறு நிறுவனத்தின் புது டிக்கெட் சில நேரம் மலிவு. ஐரோப்பாவிலிருந்து என்றால் பெரும்பாலும் மாற்றுவதுதான் மலிவு. சென்னைக்கு இடமில்லையென்றால் திருச்சி, கோவை, பெங்களூரு என்று தேடச் சொல்லுங்கள். தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சியில் இறங்குவதே பல மணி நேரம் மிச்சம். மூன்றாவது ஓட்டல்: மிச்ச இரவுகளுக்குப் பணம் தர முடியாது என்றாலும், ‘இன்ன தேதியில் அறையைக் காலி செய்தார், பணம் திருப்பப்படவில்லை’ என்று ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த மெயில் இல்லாமல் இடைமுறிவு க்ளெய்ம் நகராது.

போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வையுங்கள்.

தாள்களும் இனிஷியலும்

க்ளெய்ம் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் உறவுச் சான்று. ஆதாரில் உறவு தெளிவாக இருக்காது. கையிலேயே இருக்கும் நல்ல சான்று பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்: அப்பா, அம்மா, கணவன் அல்லது மனைவி பெயர் பெரும்பாலும் அதில் அச்சாகியிருக்கும். மாமியார் என்றால் மனைவியின் பாஸ்போர்ட். அண்ணன் என்றால் இருவர் பாஸ்போர்ட்டிலும் ஒரே பெற்றோர் பெயர்.

அங்கேதான் நம் இனிஷியல் குறுக்கே வரும். பாஸ்போர்ட்டில் ‘ராமசாமி முருகேசன்’, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ‘ஆர். முருகேசன்’, ரேஷன் கார்டில் ‘முருகேசன்’, இறப்புச் சான்றிதழில் ‘முருகேசன் ஆர்’. கம்பெனியின் கணினிக்கு இவர்கள் நான்கு பேர். அட்மிஷன் போடும்போதே பாஸ்போர்ட்டையோ ஆதாரையோ காட்டி முழுப் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாறிவிட்டதென்றால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி க்ளெய்மோடு முதல் தடவையே இணைத்துவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வாரம் போகும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தால் மரணக் காரணத்தைப் படிவம் 4-ல் மருத்துவர் எழுதுவார். வீட்டில் நடந்தால் படிவம் 4ஏ. நம்மூரில் தகனத்துக்கு முன்பு அதை யாரும் நினைப்பதில்லை. ‘வயசாகிடுச்சு, போய்ட்டார்’ என்று முடிந்துவிடும். இறப்புச் சான்றிதழ் மட்டும் காரணத்தைச் சொல்லாது, கம்பெனியோ காரணத்தைத்தான் கேட்கும். கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் அன்றே வாங்கி, ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இவற்றோடு, ரத்து செய்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள் வேண்டும்: பணம் கட்டியதற்கு ஒன்று, எவ்வளவு திரும்பியது அல்லது திரும்பாது என்பதற்கு ஒன்று. கம்பெனி ஈடு செய்வது திரும்பக் கிடைக்காத தொகையை மட்டுமே. நோய் வந்த நாளிலிருந்து பத்து நாள் தாமதித்து ரத்து செய்து, அதனால் பிடித்தம் கூடியிருந்தால், அந்தக் கூடுதலை ஏற்க மாட்டார்கள். ஓட்டலை இலவசமாக ரத்து செய்யும் கெடு தாண்டிவிட்டதா என்பதை அவர்களும் பார்ப்பார்கள்.

எந்த வீட்டுக்கு எது

வீட்டில் எழுபது தாண்டிய, நெடுநாள் நோயுள்ள பெற்றோர் இருந்தால், கூடுதல் பணத்தைத் தளர்வான டிக்கெட்டிலும் ரத்து செய்யக்கூடிய ஓட்டலிலும் போடுங்கள். பாலிசி மருத்துவச் செலவுக்கு மட்டும், குறைந்த விலையில் போதும். பெற்றோர் திடமாக இருக்கிறார்கள், சிறு பிள்ளைகளோடு பயணம், ஆறு மாதம் முன்பே லட்சக்கணக்கில் கட்டும் டூர் என்றால் ரத்துக் காப்புள்ள பாலிசியை அட்வான்ஸ் கட்டிய அன்றே எடுங்கள். பிள்ளைக்கு டெங்கு வந்தோ கால் முறிந்தோ ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அது பாலிசிகள் பெரும்பாலும் ஏற்கும் காரணம். அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது என்றால், எந்தப் பாலிசியும் வேண்டாம். தேதி தெரிந்தபின் டிக்கெட் எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. சில உயர்வகை கிரெடிட் கார்டுகளில் பயணக் காப்பு உண்டு, அந்தக் கார்டில் டிக்கெட் வாங்கியிருந்தால்தான்.

சம்பவம் நடந்துவிட்டது, எதுவும் எடுக்கவில்லை என்ற நிலையில் தேதி மாற்றம்தான் முதலில் விசாரிக்க வேண்டியது. நோயாளி தேறும் வாய்ப்பு இருந்தால் மூன்று, நான்கு மாதம் தள்ளுங்கள். அடுத்த மாதத்துக்கு மாற்றி, மறுபடி மாற்றி, இரண்டு கட்டணம் கட்டுவதுதான் வழக்கமாக நடப்பது.

க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால் கடிதத்தில் எந்த விதி எண்ணைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். விதி எண் இல்லாத நிராகரிப்பு என்றால் அதை எழுதிக் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ, இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் உரிய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்ல அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கக் கூடாது. மனுவோடு டிஸ்சார்ஜ் சம்மரியையும் பாலிசியின் ‘நெருங்கிய குடும்பம்’ வரையறைப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கட்டுங்கள். விசாரணையில் புரட்டப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டு பக்கங்கள்தான்.